விசாப் படிவத்தில் மகளுக்குரிய கட்டம்

அண்ணனுக்கு ஈரலில் புற்றுநோய் என்ற செய்தியை அண்ணனே தொலைபேசியில் எனக்குச் சொன்னார். கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு வயதான அம்மாவுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். "டொக்டர் ஆறு மாசம் எண்டு சொல்றான். கூடினா எட்டாம்" என்று, பஸ் பிந்தி வரும் என்று அறிவிப்பவரைப் போலச் சொன்னார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "தங்கச்சி, ஒருக்கா வந்து என்னைப் பார்த்திட்டுப் போவியா?" என்றார். "வாறன் அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். வெளிநாடு போவதற்கு என்னென்ன வேண்டும் என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கொழும்புக்கே அதற்கு முன் இரண்டு தடவைதான் போயிருந்தேன்.

எங்கள் அம்மா அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள்தான். இளம் பொடியன்களை ஆமி சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போன காலத்தில் அண்ணன் ஊரைவிட்டு வெளிக்கிட்டார். அவருக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினேழு. ஐரோப்பாவின் வடக்கே, பாதி வருடம் பனி கிடக்கும் ஒரு சின்ன ஊரில் போய்ச் சேர்ந்து, மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். மச்சாளைக் கலியாணம் கட்டியதும் பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் அவரால் வர முடியவில்லை. பத்தொன்பது வருடமாக அவருடைய குரலை மட்டும்தான் கேட்டு வந்தேன்.

நான் மட்டக்களப்பு நாவற்குடாவில் சங்கக்கடையில் வேலை செய்தேன். என் கணவரை இவர் என்றே எழுதுகிறேன், அப்படித்தான் எனக்கு வரும். இவர் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும் உழவு மெசின்களும் திருத்துகிறவர். கிழக்கில் சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கிழமைக்கு மூன்று நாள் கரடியனாற்றுப் பக்கம் போய், வயல் வட்டைகளில் பழுதாகிக் கிடந்த மெசின்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு வருவார். வடக்கில் அப்போதும் சண்டை நடந்துகொண்டிருந்தது. பின்னேரம் ஆனால் எல்லா வீட்டிலும் ரேடியோ மெல்லிய சத்தத்தில் கேட்கும்.

அண்ணன் அழைப்புக் கடிதம் அனுப்பினார். கூடவே தூதரகம் கேட்கும் கடதாசிகளின் பட்டியலும் வந்தது. சுனாமிக்கு முன் நாங்கள் டச்பாரில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தவர்கள். எங்கள் கடதாசி எல்லாம் அன்றைக்கே தண்ணீரோடு போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் பிறகு ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்திருந்தோம். சங்கக்கடை மனேஜர், நான் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன் என்றும், லீவு முடிய வேலை எனக்காக இருக்கும் என்றும் கடிதம் தந்தார். கிராம சேவகரும் தந்தார். எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு, நானும் இவரும் மொழிபெயர்ப்பாளரிடம் போனோம்.

அவர் காத்தான்குடிக்காரர், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு மாடி அறையில் மேசை போட்டிருந்தார். கேள்வியை வாசித்துத் தமிழில் கேட்பார், நாங்கள் சொல்வதை இங்கிலீஷில் அழகாக எழுதுவார். இரண்டு பக்கம் தடையில்லாமல் போனது. மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளையள்?"

"ஒரு மகள்" என்றேன்.

"வயசு?"

"பத்து முடிஞ்சி பதினொண்டு."

"எங்க படிக்கிறா?"

 இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பேனையை மூடி வைத்தார்.

"சுனாமியா தங்கச்சி?"

"ஓம். காணாமப் போன பிள்ளை."

அவர் அந்தக் கேள்வியைத் திரும்ப ஒரு தடவை வாசித்தார். பிறகு தணிந்த குரலில், "இதில ரெண்டு கட்டம்தான் இரிக்கி தங்கச்சி. உசிரோட இரிக்கிற பிள்ளை எண்டா இப்ப இரிக்கிற விலாசம் எழுதணும். மௌத்தான பிள்ளை எண்டா திகதி எழுதி, சான்றிதழ் வைக்கணும். மூண்டாவது கட்டம் இல்ல" என்றார்.

"வெறுமையா விட்டா?"

"விடப்படாது. பிறகு தெரிய வந்தா மறைச்சதெண்டு சொல்லுவாங்க. மறுகா ஒருக்காலும் விசா தரமாட்டாங்க."

பைலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டோம்.  நான் ஏன் இறங்கி வந்தேன் என்பது இவருக்குத் தெரியும். மகளுக்கு இறப்புச் சான்றிதழ் எடுப்பதில்லை என்று நாலரை வருடமாகப் பிடிவாதமாக இருந்தவள் நான்.

சுனாமி வந்தபோது மகளுக்கு ஆறு வயது. நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு வீடு தள்ளி ஒரு கத்தோலிக்கக் குடும்பம் யேசு பாலன் குடில் கட்டியிருந்தது. முதல் நாள் பார்த்தது போதாமல் அன்றைக்கும் போக வேண்டும் என்று நின்றாள். நான் தைத்த மஞ்சள் சட்டையைப் போட்டு அனுப்பினேன். இவர் விடியவே டவுனுக்குப் போயிருந்தார். நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் அந்த வீட்டுப் பக்கம் ஓடினேன். தண்ணீர் எனக்குப் பின்னால் வரவில்லை, பக்கத்தால் வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான் ஞாபகம். வாவிக் கரையில் கண்டல் மரத்துக்குள் சிக்கிக் கிடந்த என்னை யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள். ஒரு கை முறிந்திருந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் போய்க் காய்ச்சல். பத்து நாள் எனக்கு அறிவு தெளிவாக இல்லை.

எழும்பியபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண், "மஞ்சச் சட்டை போட்ட புள்ள ஒண்ட ஹெலிகொப்டர்ல ஏத்தினதக் கண்டன்கா" என்றாள். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நான் நடக்கத் தொடங்கினேன். தன்னாமுனையில் சின்னம்மா வீட்டில் தங்கினேன். இவர் பள்ளிக்கூட முகாமில் இருந்தார். நாலு மாதம், ஒவ்வொரு நாள் காலையிலும் பஸ் ஏறினேன். அம்பாறை ஆஸ்பத்திரி, பொலன்னறுவை ஆஸ்பத்திரி, பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லங்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வெளிநாட்டுக்காரர் கொண்டுபோய் வளர்க்கிறார்கள் என்று ஒரு கதை உலாவியது. அதையும் நம்பினேன். எங்காவது வேறு பாஷை பேசிக்கொண்டு, தலைமுடியை வேறு மாதிரி வெட்டிக்கொண்டு அவள் வளர்கிறாள் என்று நினைத்தால் சோறு இறங்கும். அவளுடைய வயதை ஒவ்வொரு வருடமும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மொழிபெயர்ப்பாளரிடம் இருந்து திரும்பி மூன்று கிழமை பைலைத் திறக்கவில்லை. அண்ணனும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே வலி வந்து, சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டார். மச்சாள் தொலைபேசியை வாங்கி, "பிறகு எடுக்கிறம்" என்றாள். அவர் பின்னால் முனகும் சத்தம் கேட்டது. அடுத்த நாள் காலை இவரிடம், "நான் கச்சேரிக்குப் போறன். அந்தக் கடதாசிய எடுக்கப் போறன்" என்றேன்.

இவர் தேத்தண்ணீர்க் கோப்பையை அப்படியே வைத்தார். "நீ போகத் தேவையில்ல. நான் எடுத்துக்கொண்டு வாறன்."

"இல்ல. என்ட புள்ள. நானே போறன்."

"அப்ப நாளைக்குப் போவம். நானும் வாறன்."

"நாளைக்கெண்டா நான் போகமாட்டன்" என்றேன். அது உண்மைதான். ஒரு நாள் பிந்தினால் எனக்குத் துணிவு போய்விடும். இவர் வாசல் வரை வந்தார். ஏதோ சொல்ல வந்தது போல் இருந்தது. சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பாலம் தாண்டும்போதே டவுன் பக்கம் வெடிச் சத்தம். பயந்து நின்றேன். பட்டாசு. சோதனைச் சாவடியில் கொடி கட்டியிருந்தது. அடையாள அட்டையைப் பார்த்த இளம் சிப்பாய், அதைத் திருப்பித் தந்துவிட்டு, வெற்றிக்குக் காய்ச்சிய பாற்சோற்றில் ஒரு கட்டியை வாழையிலைத் துண்டில் நீட்டினான். சிரித்த முகம். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் வாங்கினேன். தின்ன முடியவில்லை, எறியவும் முடியவில்லை. கச்சேரி வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். வடக்கில் எத்தனை தாய்மார் அன்றைக்குப் பிள்ளையைக் காணாமல் நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். 

கச்சேரியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் இருந்தவள் என்னைவிட இளையவள். மகளின் பெயரையும் பிறந்த திகதியையும் சொன்னேன். மரணம் பதிய வேண்டும் என்று சொல்லும்போது என் குரல் வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. அவள் பெரிய புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். விரலை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது பதிஞ்சிருக்கே."

"இல்ல தங்கச்சி. நான் பதியல்ல."

"தகப்பன் பதிஞ்சிருக்கார். சுனாமி நடந்து ரெண்டாம் மாசமே."

புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். இவருடைய கையெழுத்து எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவர், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதுவார். அதற்கு மேலே இருந்த வரியை வாசித்தேன். உடலை அடையாளம் காட்டியவர்: தந்தை.

திரும்ப வாசித்தேன். "பிரதி ஒண்டு வேணுமா அக்கா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. வெளியே வந்தேன். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். பாற்சோற்றை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

இவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைக் கண்டதும் எழும்பினார்.

"நீங்க புள்ளயக் கண்டீங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"மூண்டாம் நாள். வாவிப் பக்கம். சட்டையாலதான் அடையாளம் கண்டன்."

நான் இவருடைய நெஞ்சில் அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். இவர் தடுக்கவில்லை. அடித்துக் களைத்து நிலத்தில் இருந்தபோது, இவரும் எனக்கு முன்னால் இருந்தார்.

"நாலரை வருசம்" என்றேன். "நான் எத்தினை பஸ் ஏறினன். எத்தினை வாசல்ல நிண்டன். பார்த்துக்கொண்டா இருந்தீங்க?"

"நீ ஆஸ்பத்திரியில. உனக்கு அறிவு இல்ல. அண்டைக்கே கிடங்கு வெட்டித் தாட்டாங்க, வெச்சிருக்க ஏலாது எண்டாங்க. நீ கண் முழிச்சதும் சொல்ல இருந்தன்." இவர் மூச்சு வாங்கினார். "நான் வரக்குள்ள நீ எழும்பி இருந்து கஞ்சி குடிக்கிறாய். புள்ளயக் கண்ட ஆள் இரிக்கி எண்டு சொல்றாய். அந்த முகத்தைப் பார்த்திட்டு எப்பிடிச் சொல்லுற? அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு விட்டன். மறுகா அடுத்த மாசம். நாள் போகப் போக ஏலாமப் போச்சு. சொன்னா நீ என்னோட இருக்கமாட்டாய் எண்டும் பயம்."

அது வரைக்கும் இவர் அழுது நான் கண்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளே போய்ப் பாயில் படுத்துவிட்டேன். மூன்று நாள் இவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை, "எங்க தாட்டீங்க? காட்டுங்க" என்றேன். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். கடற்கரைப் பக்கத்து மணல் நிலம். நாற்பது ஐம்பது பேரை ஒன்றாகத் தாட்ட இடம். அடம்பன் கொடி படர்ந்திருந்தது. "இந்தப் பக்கம், வேலிக் கரையோட" என்று காட்டினார். வேறு பிள்ளைகளும் அந்தப் பக்கம்தானாம். அந்த நாலரை வருடத்திலும், வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, எத்தனையோ காலையில் இவர் இங்கே வந்து நின்றிருக்கிறார். நான் மணலில் உட்கார்ந்து, வெயில் ஏறும் வரைக்கும் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்பியது. வாத்தியார் திகதியை எழுதும்போது என்னிடம் கேட்கவில்லை, சான்றிதழைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

கொழும்பில் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார்கள். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் பக்கத்தில் இருந்தாள். அங்கே யார் இருக்கிறார்கள், எத்தனை நாள் நிற்பீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நாங்கள் எதைக் கொண்டு நம்புவது?" என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது, புருசன் இருக்கிறார் என்றேன். "பிள்ளைகள் இல்லை" என்று அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள். அது கேள்வியா, அவர்கள் எழுதிக்கொண்ட பதிலா என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று கிழமையில் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. குறித்த காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்பதில் எமக்குத் திருப்தியில்லை என்று ஒரு வசனம்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சிரித்தது வலித்திருக்க வேண்டும். "நான் வந்தவன் திரும்பிப் போகல்லத்தானே. அதான் உன்னையும் நம்புறானில்ல" என்றார்.

திரும்ப விண்ணப்பிக்கலாம், புதிதாக ஏதாவது வைக்க வேண்டும் என்றார் வாத்தியார். எங்களிடம் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து இவர் கோடு போட்ட ஒரு கொப்பித் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தமிழில், தனித்தனி எழுத்தில் எழுதியிருந்தார். நான் அவரோடு அப்போதும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன். எடுத்து வாசித்தேன்.

"ஐயா அம்மா அவர்களுக்கு. எனது மனைவி எமது மகளை நாலரை வருடம் தேடினவர். மகளின் உடலை நான் கண்டும் அவருக்குச் சொல்லவில்லை. இப்பொழுதுதான் மகளைத் தாட்ட இடம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போகிறார். தாய் அந்த இடத்தை விட்டு உங்கள் நாட்டில் இருக்கமாட்டார். என்னிடம் திரும்பி வருவார் என்று நான் எழுத எனக்கு முகமில்லை. மகளிடம் திரும்பி வருவார்."

வாத்தியார் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காத்தான்குடிக் கரையிலும் சுனாமி அன்றைக்கு ஆட்கள் செத்திருந்தார்கள், அவருக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எழுதித் தாறன்" என்றார். "ஆனா இவர் எழுதின மாதிரி என்ட இங்கிலீஸ்ல வராது."

இந்த முறை முப்பது நாள் விசா கிடைத்தது. அந்தக் கடிதத்தால் கிடைத்ததா, அண்ணனின் டொக்டர் எழுதிய கடிதத்தால் கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கதிரையில் இருந்தபடி கையை நீட்டினார். நான் மனதில் வைத்திருந்த இருபத்திரண்டு வயது முகத்தை அந்த மஞ்சள் முகத்தில் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதல் கிழமை முழுக்க அம்மாவையும் அப்பாவையும் பற்றியே பேசினோம். இருவரும் எப்படிச் செத்தார்கள், கடைசியில் என்ன கேட்டார்கள், யார் கொள்ளி வைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் சாப்பிட்டது இரண்டு கரண்டி கஞ்சிதான். அதை நான்தான் ஊட்டினேன்.

ஒரு பகல் மச்சாள் வேலைக்குப் போன நேரம், "இப்ப புள்ளயப் பத்திச் சொல்லு" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பாலன் குடிலில் தொடங்கி அந்தக் கொப்பித் தாள் வரைக்கும். 

"அவனோட இன்னும் கோவமா?"

"ஓம்."

"கோவம் இருக்கட்டும். பேசாம மட்டும் இராத தங்கச்சி. நான் பேசாம விட்ட ஆக்கள் கனபேர்."

போக ஒரு கிழமை இருக்கும்போது மச்சாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "நீ ஏன் போற? இஞ்ச நில்லு. அகதிக் கேஸ் போடுவம். உன்ட கதையைச் சொன்னாலே காணும், விடுவாங்க. பிறகு அவரையும் கூப்பிடலாம்." நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கும் ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த ஊரில் என்னை யாரும் மறித்து அடையாள அட்டை கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பதினொரு வயதுப் பிள்ளைகளை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இனித் தேட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் பார்த்தேன். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மச்சாளிடம், "இல்ல மச்சாள், அவர் எழுதிக் குடுத்திட்டார்" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. அண்ணனுக்கு விளங்கியது. புறப்பட்ட அன்று அவர் அடுத்த முறை என்று எதையும் சொல்லவில்லை. என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கார் வந்து நின்ற பிறகும் விடாமல் இருந்தார்.

மட்டக்களப்பு ஸ்டேசனில் இவர் வந்து நின்றார். என் பையை வாங்கினார். "அண்ணன் எப்பிடி?" என்றார். சொல்லத் தொடங்கி, வீடு வந்து சேரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். வெளிநாடு போக முன் மாதக்கணக்காக இவரோடு நான் அவ்வளவு பேசியதில்லை.

நான் திரும்பி வந்து ஏழாம் கிழமை அண்ணன் போய்விட்டார். அங்கே பிள்ளைகள் காரியம் செய்தார்கள். முப்பத்தோராம் நாள் நாங்கள் இங்கே கோயிலில் மோட்ச அர்ச்சனைக்குச் சொன்னோம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் அண்ணனின் பெயரைச் சொன்னேன், நட்சத்திரத்தைச் சொன்னேன். ஐயர் திரும்பப் போனபோது இவர், "ஐயா, இன்னொரு பேர் இரிக்கி" என்று நிறுத்தி, மகளின் பெயரைச் சொன்னார். நாங்கள் அவளுக்கு அது வரை எதுவும் செய்ததில்லை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். இவருக்குச் சட்டென்று வரவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்.